மூன்றாம் எண் கடையும் பன்னிரண்டாம் எண் கடையும்

1

போன திங்கட்கிழமை எங்கள் பகுதி ஷாப்பிங் சென்டரின் கண்ணாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிட்டு இரண்டு மாடியில் புதிதாகக் கட்டப்போகிறோம், இப்போது கடை வைத்திருப்பவர்கள் படிவத்தை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் செய்தி. மெல்பர்னின் இந்தப் புறநகருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே எதையாவது இடித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும்தான் இருப்பார்கள், யாரும் நின்றுகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் அந்தத் தாளை நின்று இரண்டு தடவை படித்தேன்.

அங்கே ஒரு டிரை கிளீனிங் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி எலேனி கிரேக்க நாட்டுப் பெண்மணி, அறுபதை நெருங்குகிறவர், என்னைவிட இருபது வருஷம் முன்னால் இங்கே வந்தவர். பேசுவதில் கெட்டிக்காரர், எழுதுவதென்றால் நடுக்கம். மத்தியானம் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். நீயே எழுதிவிடு, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். பயந்தது அங்கேயே இருந்தது. 'வேறு விவரம் ஏதேனும் இருந்தால்' என்று ஒரு வரி, அதன் கீழே வெற்றுக் கோடுகள். வீட்டில் வைத்து நிதானமாக எழுதுகிறேன் என்று சொல்லி எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேஜையில் கிடந்த படிவத்தை மூன்று நாளாக நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த என் மகள் நிஷா, ஒன்பது வயதுக்காரி, "அது ஒரு ஃபார்ம்தானே அம்மா" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழ் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் அந்தப் பாஷையில் வராது. அவளுடைய தாத்தாவின் கடை ஒரு ஃபார்மினால்தான் போனது என்பதை எந்தப் பாஷையில் சொல்லி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

திருச்சிக்கு வெளியே, அப்போது பொட்டலாகக் கிடந்த இடத்தில், ரயில்வேயிலும் ஃபாக்டரிகளிலும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்துக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. 'காலனி' என்றாலே டவுன் பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும். கோயமுத்தூர், திருநெல்வேலி, வேலூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அரைக் கிலோ பருப்பு வேண்டுமென்றால்கூட பாலக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் சங்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வரிசையாகப் பன்னிரண்டு கடைகள் போட்டது. தற்காலிகம் என்று சொல்லி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார்கள். வெயில் காலத்தில் உள்ளே நின்றால் மண்டை வெந்துவிடும். ஆனாலும் திறப்பு விழா அன்று காலனியே புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்தது.

என் அப்பா ஆரோக்கியசாமிக்கு மூன்றாம் எண் கடை ஒதுக்கீடானது. மாவு மில் போட்டார். அதுவரை பாலக்கரையில் வேறொருவர் மில்லில் நின்றவர், சொந்தமாக ஒரு மோட்டாரும் பெல்ட்டும் ஓடுவதைப் பார்த்து முதல் நாள் கண் கலங்கினார். கோதுமை, பச்சரிசி, கேழ்வரகு என்று காலையிலேயே தகர டப்பாக்கள் வரிசை கட்டும். பங்குனி பிறந்தால் மிளகாய் வரும். வருஷத்துக்கு வேண்டிய மிளகாயை வெயிலில் காயவைத்து, மல்லியோடு கொண்டுவந்து கொட்டுவார்கள்.

அங்கேதான் சிக்கல். நாலாம் எண் கடை ரங்கராஜன் மாமாவுடையது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பார். எங்கள் மில்லில் மிளகாய் ஓடினால் சுவரைத் தாண்டி அந்த நெடி அவருடைய காப்பிப்பொடியில் இறங்கிவிடும். ஒரு நாள் மாமா ஒரு டம்ளர் காப்பியை மூடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆரோக்கியசாமி, கோச்சுக்கப்படாது. இதை ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ."

அப்பா குடித்தார். இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"பெருமாள் சாட்சியா சொல்றேன், நான் மிளகாய் போடலை. நீங்கதான் போட்டிருக்கேள்" என்றார் மாமா.

மிளகாய்க்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்தார் அப்பா. மிளகாய் அரைத்ததும் கல்லில் ரெண்டு பிடி தவிடு விட்டுத் துடைத்துப் பார்த்தார். சுவரின் இடுக்குகளில் சாக்கை அடைத்துப் பார்த்தார். எதுவும் ஆகவில்லை. கடைசியில் வழி சொன்னவர் காதர் பாய்.

பாய்க்குப் பன்னிரண்டாம் எண், வரிசையின் கோடி, அதற்கப்பால் வயல்தான். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். வளையல், ரிப்பன், பவுடர் விற்கும் ஃபான்சி ஸ்டோர். பெண்கள் அந்தக் கோடிவரை நடந்து வருவதில்லை என்பது அவர் குறை. "அண்ணே, நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன். மொளகா நெடி வயக்காட்டுக்குப் போகட்டும், பொம்பளைங்க என் கடைக்கு வரட்டும். மாமாவும் நிம்மதியா காப்பி குடிக்கட்டும்" என்றார். மூவரும் மாமா கடையில் காப்பி குடித்தார்கள், முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து மெஷினை மாற்றி இறக்கினோம். கரண்ட் ஆபீஸ்காரர்கள் அந்தக் கோடிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள், காகிதத்தில் மட்டும் மூன்றாம் எண் என்றே இருந்தது. யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. மனுஷனுக்கு மனுஷன் பேசிக்கொண்டால் போதாதா என்று இருந்த காலம், அல்லது நாங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலம்.

3

ஐந்து வருஷம் கழித்து, நான் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கும்போது, சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கடைகளை இடித்துவிட்டு மாடியோடு புதுக் கட்டடம் வரப்போகிறது. பழைய கடைக்காரர்களுக்கே முதல் உரிமை. ஒரே ஒரு நிபந்தனை: ஒதுக்கிய கடையை ஒதுக்கியவரே நடத்த வேண்டும். அடுத்தவருக்கு விட்டிருந்தால் ஒதுக்கீடு ரத்து, புதுக் கட்டடத்தில் இடம் கிடையாது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு படிவம்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் மில் வாசலில் கூடினார்கள். நானும் நின்றேன், படிவத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவள் நான்தானே.

"அவா கேட்டிருக்கிறது நம்பரும் பேரும். பேப்பர்ல இருக்கிற நம்பரை எழுதுங்கோ. அதுக்கு மேல ஒரு அட்சரம் வேண்டாம்" என்றார் மாமா.

"அதான் சரி. எனக்கு அடுத்த வாரம் எழுதிக் குடு பாப்பா. கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கு, கையெழுத்துப் போடவாச்சும் கண்ணு தெரியணும்ல" என்றார் பாய்.

அப்பா என்னிடம் திரும்பி, "மூணுன்னு போடு. மத்ததெல்லாம் அப்படியே விட்டுடு" என்றார்.

விட்டிருக்கலாம். விடவில்லை. அப்போது நான் எப்படிப்பட்டவள் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். காலனியில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் "ஸ்டெல்லாவக் கூப்பிடு" என்பார்கள். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம். படிவத்தை முழுதும் நிரப்பியாகிவிட்டது, கடைசியில் 'வேறு விவரம் ஏதேனும்' என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியை எழுதாமல் விட்டதுபோல அது என்னை உறுத்தியது. உண்மையை முறையாக விளக்கிவிட்டால் அதிகாரிகள் மதிப்பார்கள் என்றும் நம்பினேன். மிளகாய் நெடியின் காரணமாக, பன்னிரண்டாம் எண் கடையின் திரு. காதர் அவர்களுடன் பரஸ்பர சம்மதத்தோடு கடையை மாற்றிக்கொண்டோம் என்று ஒரு நீண்ட வாக்கியம், இலக்கணப் பிழை ஒன்று இல்லாமல், கையெழுத்து முத்து முத்தாக. எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை ரசித்துப் படித்தேன்.

"படிச்சுக் காட்டும்மா" என்றார் அப்பா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"எல்லாம் சரியா இருக்குப்பா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, கையெழுத்தைப் போடுங்க" என்றேன்.

போட்டார். காலேஜ் போகிற வழியில் சங்க ஆபீசில் நானே கொடுத்துவிட்டுப் போனேன்.

4

பத்து நாளில் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது. பாய் தன் படிவத்தை இன்னும் கொடுக்கவே இல்லை, அவருக்கும் வந்தது. ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் சொல்ல நேரில் வர வேண்டும்.

அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மில் வாசல் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, வீட்டுக்குப் போ" என்றார்.

ஒன்பதாம் எண் கடைக்காரர் தன் கடையை மச்சானுக்கு விட்டுவிட்டு ஊரிலேயே இல்லை. அவர் படிவத்தில் அந்தக் கடைசி இடத்தை வெறுமையாக விட்டிருந்தார், அவருக்கு நோட்டீஸ் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் மில் போவது ஒரு பக்கம். என் எழுத்தால் பாயின் கடையும் சேர்ந்து போகிறது, அவர் ஒரு வரிகூட எழுதாமலே. பாய் என்னைத் திட்டக்கூட இல்லை. "பாப்பா படிச்ச புள்ள, நல்லதுன்னு நெனச்சு செஞ்சிருச்சு" என்று சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

5

விசாரணை அன்று காலை பத்து மணி. சங்க ஆபீசில், கடை ஒதுக்கீடுகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசரின் அறை. அப்பாவும் பாயும் நின்றார்கள், கடிதங்களைப் படித்துச் சொல்வதற்காக நானும். ரங்கராஜன் மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசர் கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தை மேஜையில் திறந்து வைத்திருந்தார், அதில் இல்லாததைச் செய்ய அவருக்கு வழியில்லை.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"யாரு எழுதினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "நான் சொல்லச் சொல்ல எம் பொண்ணு எழுதுச்சுங்க."

"பரஸ்பர சம்மதம்னு இருக்கு. அப்போ ரெண்டு பேரும் தெரிஞ்சே விதியை மீறியிருக்கீங்க. நான் என்ன பண்றது சொல்லுங்க? ரெண்டையும் ரத்து பண்ணத்தான் வேணும்." பேனாவை எடுத்துவிட்டார்.

பாய் தன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார். திருச்சியில் அவருக்குச் சொந்தம் என்று ஒருவர் கிடையாது. அந்தக் கடை மட்டும்தான்.

"சார், ஒரு நிமிஷங்க" என்றார் அப்பா. "அதுல சம்மதம்னு எழுதினது பொய்ங்க."

ஆபீசர் நிமிர்ந்தார்.

"பாய் நாகூர் தர்கா கந்தூரிக்குப் போயிருந்தாரு. அந்த நேரம் பாத்து அவரு கடை பூட்டை உடைச்சு என் மெஷினை இறக்கிட்டேன். எனக்கு அந்தக் கோடிக் கடை வேணும்னு ஆசை. திரும்பி வந்து கேட்டாரு, குடுக்க மாட்டேன்னுட்டேன். நாலு ஆளைக் காட்டி மெரட்டினேன். அவரு வேற வழியில்லாம என் கடையில உக்காந்தாரு. மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சம்மதம்னு எழுதச் சொன்னேன்."

"சார், அது அப்படி இல்ல..." என்று பாய் ஆரம்பித்தார்.

"பாய், சும்மா இருங்க!" அப்பா அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "இத்தனை வருஷம் எனக்குப் பயந்து வாயைத் தொறக்கல, இப்ப மட்டும் என்ன?"

ஆபீசர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து நின்றது அவர் பார்வை. "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. உங்கப்பா சொல்றது நெசமா?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். இல்லை என்று சொன்னால் இரண்டு கடையும் போய்விடும். ஆமாம் என்று சொன்னால் என் அப்பா திருடன். உண்மை உண்மை என்று மூன்று வாரத்துக்கு முன்னால் குதித்தவள் நான்தான்.

"ஆமாம் சார்" என்றேன்.

பன்னிரண்டாம் எண் ஒதுக்கீடு பாய்க்கு நிலைத்தது. மூன்றாம் எண் ரத்து.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் பாய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எதுக்கு அண்ணே இப்படிச் செஞ்சீங்க? அல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது நிக்கட்டும் பாய். எனக்கு மெஷின் வேலை தெரியும், எந்த மில்லுலயும் நிப்பேன். தப்பு என் வீட்டுல நடந்தது." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "இனிமே நாம பேசிக்க வேணாம். ஒண்ணா நிக்கிறதை எவனாச்சும் பாத்தா சந்தேகம் வரும். உங்க கடைக்குத்தான் ஆபத்து."

6

கட்டடம் வந்தது. இரண்டு மாடி, மொசைக் தரை, வாசலில் நியான் விளக்கு. திருச்சியிலிருந்தே ஆட்கள் பார்க்க வந்தார்கள். அப்பா திருவானைக்காவலில் ஒருவர் மில்லில் கூலிக்கு நின்றார்.

காலனியில் செய்தி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'பாயோட கடையைப் பறிச்ச ஆரோக்கியசாமி' என்று பெயர் வந்துவிட்டது. ஐந்து வருஷமாகத் தங்கள் கண்ணால் இருவர் கடையையும் பார்த்தவர்கள்தான் அப்படிப் பேசினார்கள். ஆபீசில் அவரே ஒத்துக்கொண்டாராமே, இதற்கு மேல் என்ன வேண்டும்? கோவிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் வரிசையில் பக்கத்து இடங்கள் காலியாகவே இருக்கும். எனக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம், பையனின் அப்பா காலனியில் விசாரித்த மறுநாளே நின்றுபோனது. அன்று நான் கத்தினேன்.

"உண்மையைச் சொல்லுங்கப்பா! ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க!"

"சொன்னா பாய் கடை போயிடும். குத்தகை வருஷா வருஷம் புதுப்பிக்கிறாங்க. வாயை மூடிட்டு இரு."

அம்மாவுக்குக் கடை மாறிய கதை முழுதும் தெரியும், அவரும்தானே மெஷினுக்கு முட்டுக் கொடுத்தவர். ஆனால் அந்த வாக்கியத்தை அப்பாதான் எழுதச் சொன்னார் என்று அம்மா நம்பினார். தான் சொல்லச் சொல்ல நான் எழுதியதாக ஆபீசில் சொன்னதையே அப்பா வீட்டிலும் சொல்லிவிட்டார். "மாமா அவ்வளவு தூரம் சொல்லியும் எதுக்கு அதை எழுதச் சொன்னீங்க? உங்க அதிகப்பிரசங்கித்தனத்தால நடுத்தெருவுல நிக்கிறோம்" என்று அம்மா சொல்லாத வாரம் கிடையாது. சோறு போடும்போது சொல்வார், வேலை முடிந்து புருவமெல்லாம் மாவோடு அப்பா வீட்டுக்குள் வரும்போது சொல்வார். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எதிரே நானும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை. இதற்கு வேறு அழகான காரணம் எதுவும் இல்லை.

ஒரு தடவை அப்பாவும் நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலனி பஸ்ஸில் ஏறினோம். உள்ளே காதர் பாய் இருந்தார், அவருக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. பின்னால் காலனி ஆட்கள் நாலு பேர். அப்பா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலனி வரை நின்றே வந்தார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது, காலனியை அறியாத மதுரைக் குடும்பத்தில். பாயால் வர முடியவில்லை. ரங்கராஜன் மாமா வந்து, "ஸ்ரீரங்கத்துக் காப்பிப்பொடி, பத்திரமா வச்சுக்கோ" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். பிரித்தால் பொடிக்கு நடுவே இரண்டு டஜன் கண்ணாடி வளையல். எல்லாம் எனக்குச் சரியான அளவு. என் கணவருக்கு மெல்பர்னில் வேலை கிடைத்ததும் அவரைவிட நான்தான் அவசரப்பட்டுக் கிளம்பினேன். வசதிக்காக வந்தாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காத்திருந்த அந்தச் சாப்பாட்டு நேரத்திலிருந்து ஓடிவந்தேன் என்பதுதான் நிஜம்.

7

வியாழக்கிழமை எலேனியின் படிவத்தைக் கடைக்கே எடுத்துப் போனேன். இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தேன், அவர் சொன்னதை மட்டும் எழுதினேன், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும், "இங்கே நான் எத்தனை வருஷமாக உழைக்கிறேன் என்று அழகாக நாலு வரி எழுதேன்" என்றார். முடியாது என்றேன். "உனக்குத்தான் நன்றாக எழுத வருமே?" என்றார். "அதனால்தான்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். எலேனிக்குப் புதுக் கட்டடத்தில் இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. கிடைக்காவிட்டாலும் அதற்கு என் எழுத்து காரணமாக இருக்காது.

அன்று வீட்டுக்கு வந்தால் அம்மாவின் ஏரோகிராம் வந்திருந்தது. வழக்கம்போல மாவு மில் சத்தம் மாதிரி நிற்காமல் ஓடும் கடிதம். யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை வியாதி, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார்: காதர் பாய் கடையைச் சங்கத்திடமே ஒப்படைத்துவிட்டாராம், நாகப்பட்டினத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாராம். போவதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றாராம். அப்பா மில்லிலிருந்து திரும்பியிருக்கவில்லையாம். 'பாவம், அந்த மனுஷன் நல்ல மனுஷன், இவருதான் ஒரு வரி அதிகமா எழுதிக் கெடுத்தாரு' என்று அதோடு முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் அப்பாவின் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தார்.

"அப்பா, பாய் கடையைக் குடுத்துட்டாராமே. இனிமே சொல்லலாம்ல?"

"என்னத்தம்மா சொல்றது?"

"நடந்ததை. ஊருக்கே தெரியற மாதிரி பத்திரிகையில எழுதப்போறேன்."

அப்பா ரிசீவரைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"ஊருக்குச் சொல்றதுன்னா சொல்லு. பாய் என்னை ஒரு நாளும் விட்டுக்குடுக்கலன்னு எழுது. ஆனா அந்த வரியை நீ எழுதினன்னு மட்டும் எழுதாத. நான் சொல்லித்தான் எழுதினன்னே இருக்கட்டும்."

"ஏம்ப்பா?"

"உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா உம்மேல வருத்தப்படுவா. நீ அவ்வளவு தூரத்துல இருக்க. நான் இங்கயே இருக்கேன், எனக்குப் பழகிடுச்சு."

அப்பா சொன்னபடி பாயைப் பற்றி எழுதிவிட்டேன். காலனியில் இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: ஆரோக்கியசாமி யாருடைய பூட்டையும் உடைக்கவில்லை, யாருடைய கடையையும் பறிக்கவில்லை. அவருடைய இரண்டாவது நிபந்தனையை மட்டும் என்னால் காப்பாற்ற முடியாது.

அம்மா, இந்தப் பத்திரிகை நம் வீட்டுக்கு வரும், நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா அதை எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் குனிந்து சாப்பிட்டதெல்லாம் எனக்காக. இத்தனை வருஷமும் நீங்கள் திட்டியது என்னைத்தான் அம்மா.